ரிவர்ஸ் கேமரா கறுத்துப்போச்சா? புதுசு வாங்கும் முன் வயரைப் பாருங்க!

தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்துப் பக்கம் நிற்கும் கார்களில், நம்பர் பிளேட்டைப் பிடித்திருக்கும் திருகுகளைக் கவனியுங்கள். துரு ஏறாத திருகைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். குழித்துறை ஆறு அரபிக் கடலில் சேரும் இந்த ஊரில் உப்பு காற்றிலேயே வரும். கண்ட உலோகத்தில் எல்லாம் உட்காரும். அந்தத் திருகுகளுக்குச் சற்று மேலேதான் பல கார்களில் ரிவர்ஸ் கேமரா இருக்கிறது.

ரிவர்ஸ் கியர் போட்டதும் திரை கறுப்பாக நின்றால் உடனே வரும் தீர்ப்பு, “கேமரா போச்சு, புதுசு போட்டுரலாம்.” போடுகிறார்கள். அடுத்த மழைக்காலத்தில் மறுபடியும் கறுப்பு. பல நேரங்களில் கெட்டது கேமரா இல்லை, அதற்குப் போகிற வயரின் இணைப்பு என்பதுதான் விஷயம்.

கேமரா பெட்டியில் ‘ஐபி67’ என்று போட்டிருக்குமே, அப்புறம் என்ன பயம்? ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் மூழ்கினாலும் பழுதாகாது என்பதற்கான சான்று அது. ஆனால், சோதிப்பது நல்ல தண்ணீரில். வருடக்கணக்கில் உப்புக்காற்று படுவதை அது அளப்பதில்லை. தவிர, சான்று கேமராவுக்குத்தான். முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட்டுக்கு அல்ல. வெயிலில் டேப்பின் பசை இளகும், ஈரம் உள்ளே போகும், செம்புக் கம்பியில் பச்சைக் களிம்பு ஏறும். அவ்வளவுதான்.

எங்கே கோளாறு?

வெளியே வாங்கிப் பொருத்தும் சாதாரணக் கேமராவுக்கு வேண்டியவை: ரிவர்ஸ் லைட்டிலிருந்து 12 வோல்ட், ஒரு எர்த், படத்தை ஸ்டீரியோவுக்குக் கொண்டுபோகும் மஞ்சள் முனை வீடியோ வயர். இது போக, ‘ரிவர்ஸ் போட்டாச்சு’ என்று ஸ்டீரியோவுக்குச் சொல்ல ஒரு சிக்னல் வேண்டும். வீடியோ வயரின் இரு முனையிலும் மெல்லிய சிவப்பு வயர் ஒன்று தலைநீட்டுவது இதற்குத்தான். பின்னால் ரிவர்ஸ் லைட் பாசிட்டிவிலும், முன்னால் ஸ்டீரியோவின் ரிவர்ஸ் வயரிலும் அதைச் சேர்க்க வேண்டும்.

இது புரிந்தால் பாதி வேலை முடிந்தது. ரிவர்ஸ் போட்டும் திரை மாறாமல் பாட்டே ஓடுகிறதா? அந்தச் சிக்னல் போகவில்லை. திரை மாறுகிறது, ஆனால் கறுப்பா? கேமராவுக்குக் கரண்ட் வரவில்லை அல்லது வீடியோ வயர் அறுந்திருக்கிறது. கோடு கோடாக ஆடினால் முதலில் எர்த்தைச் சந்தேகியுங்கள். புதுக் கேமராவில் படம் உருளுகிறது, நிறம் இல்லை என்றால் கேமராவும் ஸ்டீரியோவும் வேறு வேறு வீடியோ முறையில் (பால், என்டிஎஸ்சி, ஏஹெச்டி) இருக்கக்கூடும். செட்டிங்கை மாற்றிப் பாருங்கள்.

ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, இன்ஜினை ஓட்டாமல் இக்னிஷனை மட்டும் ஆன் செய்து, ரிவர்ஸில் வைத்து மல்டிமீட்டரால் கேமராவின் சப்ளை வயரை அளக்க வேண்டும். 12 வோல்ட் ஒழுங்காக வந்தும், வீடியோ வயரை மாற்றிப் பார்த்தும் படம் இல்லை என்றால் கேமராவை மாற்றலாம்.

கம்பெனியிலேயே வந்த கேமரா என்றால் கதை வேறு. சிலவற்றுக்கு 6 வோல்ட்தான் போகும். 12 கொடுத்தால் கருகிவிடும். எல்இடி ரிவர்ஸ் லைட் உள்ள சில கார்களில் மின்சாரம் விட்டுவிட்டு வருவதால் படம் துடிக்கும். நடுவே ஒரு ரிலே தேவைப்படும்.

அதிகம் மறக்கப்படும் இடம் டிக்கி. கதவு திறந்து மூடும்போதெல்லாம் ரப்பர் குழாய்க்குள் வயர் மடிகிறது. 2021 டிசம்பரில் டெஸ்லா நிறுவனம் அமெரிக்காவில் 3,56,309 மாடல் 3 கார்களைத் திரும்ப அழைத்தது இதற்காகத்தான். டிக்கியைத் திறந்து மூடுவதிலேயே கேமரா வயர் தேய்ந்துபோகலாம் என்றார்கள். அங்கே வயரை இழுத்துக் கட்டாமல் கொஞ்சம் தளர்வு விடுங்கள்.

ஜாயின்ட்டில் ஈயம் பற்றவைத்து, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் போடுவது நல்லது. எர்த் வைக்கும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, போல்ட்டை முடுக்கி, மேலே கிரீஸ் தடவ வேண்டும். பாசிட்டிவில் 1 ஆம்பியர் ஃபியூஸ் போதும். கூரையோரம் கர்ட்டன் ஏர்பேக் உள்ள கார்களில் அதன் மேல் வயரை ஓட்டக் கூடாது. கடைக்காரர் அலுத்துக்கொண்டாலும் இதைச் சொல்லிவிடுங்கள்.

இந்தியாவில் 2019 ஜூலை 1-க்குப் பிறகு தயாரான கார்களில் ரிவர்ஸ் சென்சார் கட்டாயம், கேமரா கட்டாயமில்லை. அதனால்தான் விலை குறைந்த மாடல் வாங்குபவர்கள் வெளியே பொருத்துகிறார்கள். அமெரிக்காவில் 2018 மே முதல் புதிய கார்களில் கேமராவே கட்டாயம். அப்பா பின்னால் எடுத்த வண்டியில் சிக்கி 2002-ல் இறந்த இரண்டு வயது கேமரன் கல்பிரான்சன் பெயரில் வந்த சட்டம் அது. காருக்குப் பின்னால் 10 அடி அகலம், 20 அடி நீளத்துக்குத் தரை தெரிய வேண்டும் என்கிறது விதி. வாசலும் தெருவும் ஒட்டியே கிடக்கும் கடலோர ஊர்களில், பிள்ளைகள் விளையாடுவது அந்த இருபது அடிக்குள்தான். எனவே வேலை முடியும்வரை, பின்னால் எடுக்கும் முன் இறங்கி ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பேனலை மூடும் முன் இன்னொன்று. ரிவர்ஸில் வைத்தபடியே டிக்கியை நாலைந்து தடவை திறந்து மூடச் சொல்லித் திரையைப் பாருங்கள். படம் ஒரு தடவை வெட்டினாலும் பேனலை மூட விடாதீர்கள்.