இரண்டு கோமுகி

லினக்ஸ் டெர்மினலில் ஒரு வரியைத் தட்டி என்டர் அழுத்தியதும், கட்டளையைப் படிக்கும் ஷெல் நிரல் இடைவெளி விட்ட இடங்களில் அதைத் துண்டு போடுகிறது. ஃபோல்டர் பெயர்களால் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன. கல்வராயன் மலையில் பிறக்கும் கோமுகி ஆற்றின் அணையைப் படம் எடுத்தவர், ஃபோல்டருக்குக் ‘கோமுகி அணை’ என்று பெயர் வைப்பது இயல்பு. ஷெல்லுக்கோ அது இரண்டு பெயர். ஃபோல்டருக்குள் போகும் சிடி கட்டளை என்றால் பிழை காட்டுவதோடு போகும். ஃபோல்டரை அழிக்கும் ‘ஆர்எம் -ஆர்’ கட்டளையில் இதே கவனக்குறைவு வந்து, கோமுகி, அணை என்று தனித்தனி ஃபோல்டர்களும் பக்கத்தில் இருந்தால், அவை இரண்டும் காலி.

பெயரை ஒற்றை மேற்கோளுக்குள் இடலாம்: 'கோமுகி அணை'. இடைவெளிக்கு முன் பின்சாய்கோடு போட்டாலும் சரி: கோமுகி\ அணை. இரட்டை மேற்கோளுக்குள் டாலர் குறி தன் வேலையைக் காட்டும் என்பதால் ஒற்றையே பத்திரம். வேர்டில் இருந்து நகலெடுத்த வளைந்த மேற்கோள் இங்கே செல்லாது. பலரும் இதில்தான் அரை மணி நேரத்தைத் தொலைக்கிறார்கள்.

சாய்கோடும், மதிப்பு பூஜ்யமான பைட்டும் தவிர எதையும் ஃபோல்டர் பெயரில் வைக்க லினக்ஸ் விடுகிறது. ஆனால் ‘சங்கராபுரம்&சின்னசேலம்’ என்பதை மேற்கோள் இல்லாமல் தட்டினால், & குறியோடு ஒரு கட்டளை முடிந்ததாகக் கொண்டு, சின்னசேலத்தை அடுத்த கட்டளையாக ஓட்டப் பார்க்கும் ஷெல். அடைப்புக்குறி, நட்சத்திரக் குறி ஆகியவற்றுக்கும் மேற்கோள் போதும். ‘-வெள்ளிமலை’ போலச் சிறுகோட்டில் தொடங்கும் பெயருக்கு மட்டும் போதாது. அதை விருப்பக்குறி (ஆப்ஷன்) என்று தவறாக எடுத்துக்கொள்வது ஷெல் இல்லை, கட்டளை. ./-வெள்ளிமலை என்று எழுதினால் தீர்ந்தது.

தமிழ் எழுத்துகளை ஷெல் சிறப்புக் குறிகளாகப் பார்ப்பதில்லை. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். மெய்யும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால், 8 எழுத்துள்ள ‘கள்ளக்குறிச்சி’ 14 குறியீடுகளாகி 42 பைட் பிடிக்கிறது. இஎக்ஸ்டி4 கோப்பு முறையில் ஒரு பெயருக்கு 255 பைட்தான் எல்லை.

உண்மையான சிக்கல் ‘கோ’வில் இருக்கிறது. அதன் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். இரட்டைக்கொம்பையும் காலையும் அடுத்தடுத்து வைத்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் முதல் ‘கோமுகி’ 18 பைட், இரண்டாவது 21. லினக்ஸ் பைட்டைத்தான் ஒப்பிடுகிறது. ஆகவே ஒரே இடத்தில் இரண்டு கோமுகி இருக்க முடியும். மேக்கின் பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை பெயர்களைப் பிரித்தே சேமித்ததால், அங்கிருந்து வந்த ஃபோல்டரை இங்கே பெயர் தட்டித் திறக்கப் பார்த்தால் ‘அப்படி ஏதும் இல்லை’ என்றே பதில் வரும். மேற்கோள் இதற்கு உதவாது. *முகி* என்று நட்சத்திரக் குறியோடு தேடினால் இரண்டுமே அகப்படும்.

நிரந்தரமாகச் சரிசெய்ய கான்வ்எம்வி என்ற கருவி உண்டு. பிரிந்த குறிகளை அது ஒன்றாக்கிப் பெயரை மாற்றும். ஒரே இடத்தில் இரண்டு வடிவமும் இருந்தால், முதலில் படங்களை ஒரு ஃபோல்டருக்கு மாற்றிவிட்டு மற்றதை நீக்க வேண்டும். கான்வ்எம்வியைச் சும்மா ஓட்டினால் எதை மாற்றப்போகிறது என்று பட்டியல் மட்டும் காட்டும். ‘நோடெஸ்ட்’ விருப்பக்குறியைச் சேர்த்தால்தான் பெயரில் கை வைக்கும்.