வேற்றுமை காக்கும் எழுத்து

எழுத்துக்கு வடிவு சமைப்போர் பெரும்பாலும் ஒற்றுமையையே நாடுவர். ஓரெழுத்தின் வளைவு பிறிதோர் எழுத்திலும் விளங்குமாயின், பக்கம் முழுவதும் ஒருவர் கையால் எழுதப்பட்டது போல அழகு பெறும். இதற்கு மாறாக, வேற்றுமையையே நோக்கமாகக் கொண்டு எழுந்த வடிவமும் ஒன்றுண்டு. ஜேர்மனியின் மோட்டார் வாகன இலக்கத் தகடுகளிற் காணப்படும் எஃப்.ஈ. எழுத்தே அது. பொய்யாகத் திருத்துதற்கு அரியது என்னும் பொருளுடைய ஜேர்மன் சொல்லின் சுருக்கமே அப்பெயர்.

முன்னர் அந்நாட்டுத் தகடுகளில் டின் 1451 என்னும் நியம எழுத்து வழங்கிற்று. அது எளிமையும் ஒழுங்கும் உடையது. ஆயின் அவ்வொழுங்கே குறையுமாயிற்று. உரோம எழுத்தாகிய 'பி' யில் ஒரு சாய்கோடு சேர்ப்பின் 'ஆர்' ஆகும். 'எஃப்' இன் அடியில் ஒரு கிடைகோடு இடின் 'ஈ' ஆகும். 3 ஐ 8 ஆக்குதற்குச் சிறிது கரிய மை போதும். 1977 இல் செம்படைப் பிரிவு என்னும் தீவிரவாதக் குழுவினர் புரிந்த கொலைகளும் ஆட்கடத்தலும் நாட்டை உலுக்கிய பின்னர், இத்தகைய மோசடியைத் தடுத்தல் இன்றியமையாததாயிற்று.

எழுத்தோவியரான கார்ல்கெயோர்க் ஹோஃபர் 1978 முதல் 1980 வரை இப்பணியில் ஈடுபட்டார். கீசன் பல்கலைக்கழகத்தில் அவ்வெழுத்துக்களின் தெளிவு சோதிக்கப்பட்டது. தூரத்திலிருந்தும் தெரிதற்பொருட்டுக் கோடுகள் தடித்தவை. அவற்றின் நுனிகளில் அணிக்கோடுகள் இல்லை. 75 மில்லிமீற்றர் உயரமுள்ள எழுத்துக்கள் யாவும் 47.5 மில்லிமீற்றர் அகலமும், இலக்கங்கள் யாவும் 44.5 மில்லிமீற்றர் அகலமும் பெறுகின்றன. மெலிந்த எழுத்தாகிய 'ஐ' மட்டும் தனக்குரிய அகலத்தை நிரப்புதற்கு மேலுங் கீழும் குறுக்குக்கோடு கொள்கின்றது. சுழியத்தின் வலப்புற மேற்பகுதியில் ஒரு சிறு பிளவு உண்டு. 'ஓ' வுக்கு அது இல்லை. 'பி' யும் 'ஆரு'ம் வெவ்வேறு அளவின. ஆதலின் ஒரு கோட்டைச் சேர்த்தாலும் பொய் வெளிப்படும்.

இவ்வெழுத்து 1995 இல் வழக்கிற்கு வந்து, 2000 நவம்பர் 1 முதற் புதிய தகடுகளுக்குக் கட்டாயமாயிற்று. ஹோஃபர் அதற்குச் சில வாரங்களுக்கு முன், ஒக்டோபர் 8 இல் மறைந்தார். பின்னர் உருகுவே, ஆர்ஜென்டீனா, பிரேசில் முதலிய நாடுகளும் இதனை மேற்கொண்டன.

இவ்வெழுத்துக்கள் ஒன்றோடொன்று இசையவில்லை என்பாரும் உளர். அக்கூற்று உண்மையே. எனினும் ஒரு கோடு திருத்தப்பட்டால் குற்றமற்ற ஒருவர்மீது பழி விழும் இடத்தில், ஓரெழுத்து மற்றொன்றாகத் தோன்றாமையே அதன் முதற் கடமை. அழகெழுத்தில் வல்லவரே இசைவினை விட்டுக்கொடுத்து அக்கடமையை நிறைவேற்றினார் என்பது சிந்திக்கத்தக்கது.