பழைய பிக்கப் வண்டியின் அடிச்சட்டம்: திருத்துதலும் மாற்றுதலும்

விளைந்த பொருள் சந்தையை அடைந்த பின்னரே கமக்காரருக்கு வருவாயாகின்றது. முன்னாளில் மாட்டுவண்டில் இழுத்த சுமையை இந்நாளில் உழவு இயந்திரப் பெட்டியும் லொறியும் பிக்கப் வண்டியும் இழுக்கின்றன. அவற்றுள் தந்தையார் காலத்து வண்டிகளும் சில உள. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே மொறிஸ், ஒஸ்ரின் வண்டிகள் நெடுங்காலம் பேணப்பட்டமையை யாவரும் அறிவர். 1990 ஆம் ஆண்டின் பின், எரிபொருளுக்குத் தடையிருந்த போர்க்காலத்தில், அவற்றுட் பல மண்ணெண்ணெயிலும் ஓடின.

அவ்வளவு உழைத்த வண்டியைக் கைவிட எவருக்கும் மனம் வாராது. ஆயினும் வெங்காய மூடைகளைக் கூடுதலாக ஏற்றவேண்டி அதன் அடிச்சட்டத்தை வெட்டுதலும் நீட்டுதலும் இருவகைக் கேட்டைத் தரக்கூடும். ஒன்று வீதியிலே உயிருக்கு வரும் ஆபத்து. மற்றது பதிவிலே வண்டிக்கு வரும் ஆபத்து. இவ்விரண்டும் நேராவண்ணம் செய்யத்தக்கவற்றையும் தகாதவற்றையும் இங்கு காண்போம்.

அடிச்சட்டம் யாது?

செசி என வழங்கும் அடிச்சட்டம் வண்டியின் முதுகெலும்பாகும். ஏணியிற் போல நீளவாட்டில் இரு உருக்குச் சட்டங்களும், அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்களும் அதிலுள்ளன. எஞ்சினும் ஸ்பிரிங்குகளும் சுமைப்பெட்டியும் அதனையே பற்றி நிற்கின்றன.

எல்லா வண்டிகளுக்கும் தனி அடிச்சட்டம் இல்லை. மொறிஸ் மைனர் இதற்கு நல்ல உதாரணமாகும். அதன் மோட்டார்க் காரில் உடலும் அடியும் ஒன்றாகவே ஆக்கப்பட்டன. 1953 இல் வெளிவந்த அதன் வானுக்கும் பிக்கப்புக்குமோ, சுமையைத் தாங்குதற்பொருட்டுத் தனி அடிச்சட்டம் இடப்பட்டது. ஆகவே காரின் பின்புறத்தை அரிந்து பெட்டி பூட்டினால் அது பிக்கப் ஆகிவிடாது. தாங்கும் எலும்பை அரிந்ததாகவே முடியும்.

வண்டி எவ்வளவு சுமக்கும்?

1953 இன் மொறிஸ் பிக்கப் 5 அந்தர்ச் சுமைக்கென ஆக்கப்பட்டது. 5 அந்தர் என்பது 560 றாத்தல், அதாவது ஏறத்தாழ 254 கிலோகிராம். 50 கிலோகிராம் உரப்பை ஐந்து ஏற்றினால் அளவு நிறைந்துவிடும். ஆறாவது பை வண்டியின் பலத்திலிருந்து கடனாகப் பெறப்படுவதாகும். அக்கடனை அடிச்சட்டமும் பிரேக்கும் ரயரும் இறுக்கவேண்டிவரும்.

சிலர் பின்புற ஸ்பிரிங்கில் ஒரு பட்டையைக் கூட்டிவிட்டு, வண்டி இப்பொழுது தாழவில்லை என்று மகிழ்வர். தாழாமையால் சுமை குறைந்ததாகாது. பட்டை கூடியதால் அச்சுக்கோ பிரேக்குக்கோ பலம் கூடுவதுமில்லை. முன்னர் ஸ்பிரிங் வளைந்து வாங்கிக்கொண்ட அதிர்ச்சி, இப்பொழுது ஸ்பிரிங் பூட்டிய இடத்திலே அடிச்சட்டத்தை நேரே தாக்கும். அவ்விடத்திலேயே முதல் வெடிப்பும் தோன்றும்.

பெட்டியைப் பின்னுக்கு நீட்டினால்

பின்சக்கரத்துக்கு அப்பால் பெட்டியை நீட்டுதல் பலர் செய்யும் பிழையாகும். இதனை ஒரு கணக்கால் விளக்கலாம். மொறிஸ் மைனரின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைத்தூரம் 86 அங்குலம். பின் அச்சுக்கு 43 அங்குலம் அப்பால் 100 கிலோகிராம் வைக்கப்பட்டதாகக் கொள்வோம். பின் அச்சின்மேல் ஏறும் சுமை 100 அன்று. 150 கிலோகிராம் ஆகும். மிகுதி 50 எங்கிருந்து வந்தது? முன்சக்கரங்களிலிருந்தே வந்தது. துலாவின் ஒரு தலையை அமுக்க மறுதலை எழுவதுபோல, வண்டியின் முன்புறம் அவ்வளவுக்கு இலேசாகிவிடுகின்றது.

முன்சக்கரமே வண்டியைத் திருப்புவது. பிரேக் பிடிக்கும்போது பெரும்பங்கு வேலையைச் செய்வதும் அதுவே. அது நிலத்தை இறுகப் பற்றாவிடில், மழை நனைத்த வீதியிலே சாரதி திருப்பியும் வண்டி திரும்பாது. நீளமான பொருளை ஏற்ற விரும்புவோர் இதனை மறத்தலாகாது. பாரமான மூடைகளைச் சாரதியின் அறையை ஒட்டி முன்னே அடுக்கி, கீரைக்கட்டு முதலிய இலேசானவற்றைப் பின்னே வைத்தல் நன்று. இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

துருவும் ஒட்டுவேலையும்

கமக்காரரின் வண்டிக்கு உரமும் ஒரு பகையாகும். மியூரியேற்று ஒவ் பொட்டாசிலுள்ள குளோரைட்டு இரும்பைத் துருப்பிடிக்கச் செய்வது. அமோனியம் சல்பேற்றும் அத்தன்மையதே. பை கிழிந்து சிந்திய உரம் ஈரத்திற் கரைந்து சட்டத்தினுள் இறங்கும். வெளியே வர்ணம் பளபளக்க, உள்ளே தகடு பப்படம்போலாகும். உரம் ஏற்றிய ஒவ்வொரு முறையும் பெட்டியையும் அடிப்புறத்தையும் நன்னீரால் கழுவுக. நீர் வடிதற்கெனச் சட்டத்திலுள்ள துவாரங்களைச் சேறு அடைக்க விடற்க.

துருத்திய சட்டத்தைத் திருத்துங்கால் கவனிக்கவேண்டியவை வருமாறு:

1. துருவின்மேல் தகடு ஒட்டற்க. நல்ல உருக்கு தெரியும்வரை வெட்டியபின், அதே தடிப்புள்ள உருக்கை இடுக.

2. வலுவூட்டும் தகட்டின் அந்தத்தைச் சட்டத்துக்குக் குறுக்கே நேராக வெட்டி ஒட்டற்க, சரித்து வெட்டுக. வலுவான பகுதி சடுதியாக முடியும் இடத்தில் சட்டம் வெடிக்கும்.

3. துளையிடவேண்டின் சட்டத்தின் நிமிர்ந்த பக்கத்து நடுவிலே இடுக. சட்டம் வளையும்போது மேல்விளிம்பும் கீழ்விளிம்புமே மிகுந்த இழுவையையும் அமுக்கத்தையும் தாங்குகின்றன. அவ்விளிம்புகளைத் துளைத்தல் ஆகாது.

4. ஒட்டுமுன் பெற்றோல் தாங்கியைக் கழற்றித் தூர வைக்குக. பற்றரித் தொடுப்பையும் நீக்குக. பிரேக் குழாய்களுக்கு வெப்பமும் தீப்பொறியும் படாவண்ணம் காக்குக.

5. அடிச்சட்ட இலக்கம் பொறித்த இடத்தை அராவுதலும் வெட்டுதலும் ஒருபோதும் கூடாது.

இலக்கத்தின் மதிப்பு

ஐந்தாவதே பலர் அறியாதது. தந்தையார் விட்டுச்சென்ற வண்டியை மகன் ஒருவர் திருத்தக் கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். ஒட்டுவேலைக்காரர் துருத்திய துண்டோடு இலக்கத்தையும் வெட்டி எறிந்துவிட்டார். வேலை திறமாகவே முடிந்தது. ஆயினும் பதிவுப் புத்தகத்தில் எழுதிய வண்டி இதுதான் என்று காட்ட இனி அடையாளம் இல்லை. பொலிசார் மறித்தாலும், விபத்தின்பின் காப்புறுதி கேட்டாலும், விற்கப் போனாலும், களவு வண்டியோ என்னும் ஐயத்துக்கு அவரே விடைகூற வேண்டியவராவார். நேர்மையாக உழைத்த குடும்பத்துக்கு இது பெரும் இழுக்கன்றோ?

சட்டம் கூறுவது

இலங்கையில் வாகனப் பதிவு 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்கீழ் நடைபெறுகின்றது. பதிவுப் புத்தகத்திலுள்ள அடிச்சட்ட இலக்கம், எஞ்சின் இலக்கம், வாகன வகை முதலிய விபரங்கள் வண்டியோடு ஒத்திருத்தல் வேண்டும். அவற்றை மாற்றும் எவ்வேலையையும் தொடங்குமுன் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் உசாவி அனுமதி பெறுதலே முறை. கார் என்று பதிந்ததைச் சுமைவண்டியாக்குதலும் இதனுள் அடங்கும். ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரம் பெறக் காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் வேண்டும். லொறியாகப் பதிந்தவற்றுக்குத் தகுதிச் சான்றிதழும் வேண்டும்.

பிற நாட்டு வழக்கமும் இதனையே உணர்த்தும். மொறிஸ் பிறந்த பிரித்தானியாவிலே, பெரிதும் மாற்றிய வண்டி தன் பழைய இலக்கத்தை வைத்திருத்தற்கு நெடுங்காலம் புள்ளிமுறை ஒன்று இருந்தது. அடிச்சட்டத்துக்கு 5 புள்ளி, ஸ்பிரிங் அமைப்பு, அச்சுகள், பற்சக்கரத் தொகுதி, திருப்பும் அமைப்பு ஒவ்வொன்றுக்கும் 2, எஞ்சினுக்கு 1. ஆக 14 இல் 8 புள்ளியேனும் தேறவேண்டும். எஞ்சினுக்கு ஒன்றும் அடிச்சட்டத்துக்கு ஐந்தும் தரப்பட்டமை சிந்திக்கத்தக்கது. 2025 ஓகஸ்ட் முதல் அங்கு விதி இலகுவாக்கப்பட்டது. பழையபடியே திருத்துவோர் அறிவிக்கத் தேவையில்லை. அடிச்சட்டத்தை மாற்றுவோரும் இலக்கத்தை வைத்திருக்கலாம். ஆயின் மாற்றத்தை அறிவித்தல் கட்டாயமே.

எதனைச் செய்யலாம்?

பழையபடியே திருத்துதல் வேறு. புதிதாக மாற்றுதல் வேறு. முன்னதே பழைய வண்டிக்கு ஏற்றது. வேலைக்கு முன்னும் பின்னும் சட்டத்தையும் இலக்கத்தையும் படம்பிடித்து, வேலைப் பற்றுச்சீட்டுகளைப் பதிவுப் புத்தகத்தோடு வைத்திருக்குக. நன்கு தேர்ந்த கைகளிடமே ஒட்டுவேலையைக் கொடுக்குக. சுமை அதிகமாயின் இருமுறை போய்வருக. அல்லது அயலவரோடு சேர்ந்து லொறி பிடிக்குக. இரண்டாவது பயணத்துக்குச் செலவாகும் எரிபொருள் முறிந்த அடிச்சட்டத்தினும் மலிவானது.

எருதின் வயதறிந்து ஏர் பூட்டுபவர் கமக்காரர். பழைய வண்டிக்கும் அவ்விரக்கம் உரியது.