உள்ளே போனால்தானே மருந்து!

பெனிசிலின்-ஜிக்கும் ஆம்பிசிலினுக்கும் வித்தியாசம் ஒரே ஓர் அமினோ தொகுதி. ஒரு நைட்ரஜன், இரண்டு ஹைட்ரஜன், அவ்வளவுதான். ஆனால் இ.கோலை கிருமியிடம் பெனிசிலின்-ஜி திணறுகிறது. 1961-ல் பிரிட்டனில் அறிமுகமான ஆம்பிசிலினோ உள்ளே புகுந்து அதைக் கொன்றது.

இ.கோலை போன்ற கிராம் நெகட்டிவ் பாக்டீரியாக்களுக்கு உள்சவ்வு, செல்சுவர் போதாதென்று அதற்கும் வெளியே இன்னொரு சவ்வு இருக்கிறது. கொழுப்பும் சர்க்கரையும் கலந்த மூலக்கூறுகளை மெக்னீசியமும் கால்சியமும் இறுக்கிக் கட்டிய போர்வை அது. உணவு நுழைவதற்கு மட்டும் போரின் என்ற புரதத் துளைகள் உண்டு. ஏறத்தாழ 600 டால்டன் எடைக்கு மேற்பட்ட மூலக்கூறுக்கு அதில் இடமில்லை. 1,450 டால்டன் எடையுள்ள வான்கோமைசின் எவ்வளவு வீரியமான மருந்தானாலும் வெளியிலேயே நின்றுவிடும்.

துளையின் நடுப்பகுதி குறுகலானது. அங்கே ஒரு பக்கம் நேர்மின்னூட்டம், எதிர்ப்பக்கம் எதிர்மின்னூட்டம். அந்த அமினோ தொகுதியால் ஆம்பிசிலினிலும் இரண்டு மின்னூட்டங்களும் உண்டு. இரு பக்கமும் பிடிமானம் கிடைத்து அது நழுவி இறங்குகிறது. இதை 2002-ல் ஆய்வாளர்கள் நேராகவே பதிவு செய்தார்கள். செயற்கைச் சவ்வில் ஒரே ஒரு போரினைப் பொருத்தி, அதன் வழியே மின்சாரம் செலுத்தினார்கள். ஆம்பிசிலின் மூலக்கூறு ஒவ்வொன்றும் துளைக்குள் நுழைந்தபோது மின்னோட்டம் ஒரு கணம் குறைந்து மீண்டது. ஒற்றை மூலக்கூறின் நடமாட்டம் வரைபடத்தில் பள்ளமாகத் தெரிந்தது! எனக்கு இன்றும் வியப்பூட்டும் சோதனை இது.

2017-ல் இலினாய் பல்கலைக்கழகத்தின் பால் ஹெர்கன்ரோதர் குழு 180-க்கும் மேற்பட்ட சேர்மங்களைச் சோதித்து, நுழைவதற்கு என்ன வேண்டும் என்று கண்டறிந்தது: அமினோ தொகுதி, தட்டையான உருவம், வளையாத உடல். அதன்படி டிஆக்ஸிநைபோமைசின் என்ற மருந்தில் ஓர் அமினோ தொகுதியைச் சேர்த்தார்கள். அதுவரை வெளிச்சவ்வு இல்லாத கிராம் பாசிட்டிவ் கிருமிகளை மட்டுமே தாக்கிய அந்த மருந்து இ.கோலையையும் தாக்கியது.

கிருமியும் சும்மா இருப்பதில்லை. போரின்களைக் குறைத்துக்கொள்கிறது, உள்ளே வந்த மருந்தைப் பம்பு வைத்து இறைத்துத் தள்ளுகிறது. சூடோமோனாஸ் கிருமி ஒரே ஒரு துளைப்புரதத்தைக் கைவிட்டு, இமிபெனெம் என்ற உயர்ரக மருந்திடமிருந்து தப்பிவிடுகிறது.

ஒவ்வொரு முறை ஆன்டிபயாடிக் சாப்பிடும்போதும் துளை திறந்திருக்கும் கிருமிகள் சாகின்றன. அடைத்துக்கொண்டவை பிழைத்துப் பெருகுகின்றன. வைரஸ் காய்ச்சலுக்கு அந்த மருந்து எந்தப் பலனும் தராது. தயவுசெய்து மருத்துவர் எழுதித் தராத ஆன்டிபயாடிக்கை மெடிக்கலில் கேட்டு வாங்காதீர்கள்.