வாசலில் வந்து நிற்பவர் யார்?

சம்பள நாளை ஒட்டி லயத்து வாசல்களில் புதுமுகங்கள் தோன்றுவது பாரிட் புந்தார் வட்டாரத்தார்க்குப் புதிதன்று. ஒருவர் கையில் ஆலயத் திருப்பணி ரசீதுப் புத்தகம். மற்றொருவர் கையில் தண்ணீர் வடிகட்டியின் படம். இளையோர் பால்வெட்டுக்குச் சென்றிருக்க, முதியோர் மட்டும் வீட்டிலிருக்கும் காலை வேளையே இவர்களுக்கு உகந்தது.

வீடு வீடாகச் சென்று நன்கொடை திரட்டுவதற்கு 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி போலீசாரின் உரிமம் தேவை. அதனைக் காட்டும்படி கேட்பது தருமத்துக்கு இழுக்கன்று. மெய்யான தொண்டர் மகிழ்வோடு காட்டுவார். கேட்டவுடன் சினப்பவரை ஐயுறுவதில் தவறில்லை.

விற்பனையாளரைக் கட்டுப்படுத்துவது 1993ஆம் ஆண்டு நேரடி விற்பனைச் சட்டம். வந்தவர் தம் நோக்கத்தைக் கூறி, அடையாளக் கார்டையும் அதிகார அட்டையையும் காட்டவேண்டும். வீட்டார் போகச் சொன்னால் போய்விடவேண்டும். ஆனால் நம்மவர் வழக்கமே வேறு. உட்காரவைத்துத் தேநீர் கொடுத்துவிட்டால், பிறகு 'வேண்டாம்' என்று சொல்ல நா எழுவதில்லை! ஆகவே பேச்சை வாசற்படியிலேயே முடித்துக்கொள்வது நலம்.

300 வெள்ளிக்கு மேற்பட்ட பொருளாயின் ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும். படிக்கத் தெரிந்த பிள்ளை பள்ளியிலிருந்து திரும்பும்வரை அதில் கையொப்பமிடலாகாது. இட்டுவிட்டாலும் 10 வேலை நாள்களுக்குள் எழுத்து மூலம் ரத்துச் செய்யலாம். அக்கடிதத்தின் நகலைப் பத்திரப்படுத்துக. விற்றவர் இணங்காவிடில், பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி செலுத்தி, வழக்கறிஞரின்றித் தாமே முறையிடலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அம்மன்றம் விசாரிக்கும்.