தாழையூத்துக் கல்லும் கடைசிப் புல்லும்

தச்சநல்லூரைத் தாண்டி மதுரைச் சாலையில் வடக்கே போனால் தாழையூத்து. 1946-ல் தொடங்கப்பட்ட இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனத்தின் முதல் ஆலை 1949-ல் ஓடத் தொடங்கியது இங்கேதான். நிறுவனர்களில் ஒருவரான சங்கரலிங்க ஐயரின் நினைவாகத்தான் அந்தக் குடியிருப்பு சங்கர்நகர் ஆனது. ஆலையை இங்கே இழுத்து வந்தது பூமிக்கடியில் கிடந்த சுண்ணாம்புக்கல். பூமியில் உயிர் இத்தனை காலம் எப்படித் தாக்குப்பிடித்தது, இனி எவ்வளவு காலம் ஓடும் என்ற இரண்டு கணக்குகளிலும் அந்தக் கல்லுக்குப் பங்கு உண்டு.

அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லை உடைத்தால் கிளிஞ்சலும் சிப்பியும் கண்ணுக்குத் தெரியும். டைனோசர்கள் திரிந்த காலத்துக் கடலடி அது. தாழையூத்துக் கல்லில் அப்படி எதுவும் தெரியாது. சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா, இலங்கை, மடகாஸ்கர், ஆப்பிரிக்கா, அண்டார்டிகா எல்லாம் ஒன்றோடொன்று முட்டிக் கோண்டுவானா என்ற ஒரே பெருநிலமாக ஒட்டின. தென் தமிழகம் அந்த மோதலின் நடுவில் அகப்பட்டது. அதற்கும் முன்பே நீரடியில் படிந்திருந்த சுண்ணாம்பு, பல கிலோமீட்டர் ஆழத்துக்கு அமுங்கி, வெந்து, பளிங்காக மாறியது. பழைய உயிரின் தடயம் ஏதும் இருந்திருந்தாலும் அந்தச் சூட்டில் அழிந்திருக்கும். செங்கோட்டைப் பக்கம் உள்ள அச்சன்கோவில் பிளவு மண்டலத்தின் மறுபாதியைப் புவியியலாளர்கள் இன்றும் மடகாஸ்கரில்தான் தேடுகிறார்கள்.

உருவம் அழிந்தது, கரி (கார்பன்) அழியவில்லை. நூறு கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் வேகவைத்தால் 56 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும். மீதி 44 கிலோவும் கரியமில வாயுவாகப் புகைபோக்கி வழியே போய்விடும். அதாவது கல்லில் கிட்டத்தட்ட பாதி, ஒரு காலத்தில் காற்றில் இருந்த வாயு. உலகத்துச் சுண்ணாம்புப் பாறைகளில் சிறைப்பட்டிருக்கும் இந்த வாயு முழுவதும் வெளியே வந்தால் நம் காற்று வெள்ளிக் கோளின் காற்றைப் போல அடர்ந்துவிடும். அங்கே காற்றழுத்தம் நம்முடையதைப் போல 90 மடங்கு, தரையில் வெப்பம் 460 டிகிரி. வெள்ளியில் கரி காற்றில் தங்கிவிட்டது, இங்கே கல்லுக்குள் போய்விட்டது. நாம் பிழைத்திருப்பதற்கு இந்த வித்தியாசம் ஒரு முக்கியமான காரணம்.

பிழைத்திருக்க முதலில் உயிர் தொடங்கியிருக்க வேண்டும். அந்தக் கதைக்கு நம் பக்கத்திலும் ஆட்கள் உண்டு. உயிரற்ற வேதிப்பொருள்களிலிருந்தே உயிர் வந்திருக்க வேண்டும் என்று ரஷ்யாவின் ஓப்பாரின் 1924-லும், பிரிட்டனின் ஹால்டேன் 1929-லும் தனித்தனியே எழுதினார்கள். அந்த ஹால்டேன் 1957-ல் கல்கத்தாவுக்குக் குடிவந்து, 1964-ல் புவனேஸ்வரில் காலமானார். 1953-ல் சிகாகோவில் ஸ்டான்லி மில்லர் சில வாயுக்களைக் குடுவையில் அடைத்து மின்பொறி பாய்ச்சி, புரதத்தின் கட்டுமானக் கூறுகளான அமினோ அமிலங்களை எடுத்துக் காட்டினார். இலங்கையின் காலி நகரில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்த சிரில் பொன்னம்பெரும பின்னர் வேதியியலுக்குத் தாவி நாசாவில் சேர்ந்தார். 1969 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் விழுந்த விண்கல்லை ஆராய்ந்து, அதில் அமினோ அமிலங்கள் இருப்பதை 1970-ல் அறிவித்தது அவருடைய குழு. பென்னு என்ற குறுங்கோளிலிருந்து நாசா அள்ளி வந்த மண்ணில், உயிர்கள் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களில் 14 இருப்பதாக 2025 ஜனவரியில் செய்தி வந்தது.

பலசரக்கு வந்திறங்கியதாலேயே பந்தி பரிமாறிவிட முடியாது. மூலக்கூறுகள் எப்படி ஒன்றுகூடித் தம்மைத் தாமே பிரதியெடுக்கத் தொடங்கின என்பது இன்னும் அவிழாத முடிச்சு. ஆனால் அது சீக்கிரமே நடந்துவிட்டது. பூமிக்கு வயது 454 கோடி ஆண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா பாறைகளில் 348 கோடி ஆண்டுக்கு முந்தைய நுண்ணுயிர்ப் படுகைகளின் தடம் இருக்கிறது.

எனக்கு உயிரின் தொடக்கத்தைவிட அது அறுபடாமல் நீடித்ததுதான் பெரிய வியப்பாகப் படுகிறது. பூமி பிறந்தபோது சூரியனுக்கு இன்றைய ஒளியில் ஏறக்குறைய 70 சதவீதமே இருந்தது. அதன் பிறகு கூடிக்கொண்டே வந்திருக்கிறது. ஆனாலும் கடல் ஒரேயடியாக உறைந்தும் போகவில்லை, கொதித்து வற்றியும் போகவில்லை. இதைச் சமன் செய்து வந்த பொறியைப் பார்க்க ஆய்வகம் போக வேண்டியதில்லை, தாமிரபரணிக் கரையே போதும்.

பொதிகையில் பெய்யும் மழை காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாக இறங்குகிறது. மலைப்பாறையை அது அரிக்கிறது. பாறையிலிருந்து கால்சியமும், வாயுவிலிருந்து பிறந்த பைகார்பனேட்டும் பாபநாசம், அம்பை, நெல்லை வழியாக ஆற்றோடு வந்து புன்னைக்காயலில் கடலில் சேர்கின்றன. மன்னார் வளைகுடாவின் பவளமும் சங்கும் முத்துச்சிப்பியும் அவற்றை எடுத்து ஓடு கட்டிக்கொள்கின்றன. ஓடுகள் படிந்து காலப்போக்கில் சுண்ணாம்புக்கல் ஆகின்றன. உலகம் முழுக்க ஆறுகள் செய்வது இதையேதான். பூமி சூடானால் மழை கூடும், அரிப்பும் கூடும், காற்றில் வாயு குறையும், சூடு தணியும். குளிர்ந்தால் அரிப்பு மந்தமாகும். எரிமலைகள் கக்கும் வாயு காற்றில் சேர்ந்து மறுபடி சூடேற்றும். 1981-ல் வாக்கர், ஹேஸ், காஸ்டிங் என்ற மூவர் இதைக் கணக்காக எழுதிக் காட்டினார்கள். ஒரே குறை, பொறி மகா மந்தம். ஒரு கலக்கத்தைச் சரிசெய்ய அதற்குச் சில லட்சம் ஆண்டுகள் வேண்டும்.

பொறிக்கு ஓர் எல்லையும் உண்டு. சூரியன் நூறு கோடி ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதம் பிரகாசம் கூடுகிறது. அதை ஈடுகட்டக் கரியமில வாயு குறைந்துகொண்டே போக வேண்டும். ஒரு கட்டத்தில் செடிகளுக்குச் சாப்பிட வாயு இருக்காது. ஆலைகளின் காலத்துக்கு முன் காற்றின் பத்து லட்சம் பங்கில் 280 பங்கு கரியமில வாயு இருந்தது. 150-க்குக் கீழே போனால் பெரும்பாலான செடிகள் தேறாது என்று வைத்துக்கொண்டு, இன்னும் 10 கோடி ஆண்டுதான் என்றார்கள் லவ்லாக்கும் விட்ஃபீல்டும் 1982-ல். பத்தே ஆண்டில் கால்டெய்ராவும் காஸ்டிங்கும் அதைத் திருத்தினார்கள். ஏனென்றால் எல்லாச் செடிக்கும் ஒரே பசியில்லை.

நெல்லைக் கால்வாய், கோடகன் கால்வாய் வயல்களில் கார், பிசானப் பருவங்களில் விளையும் நெல், அது அம்பாசமுத்திரம் ஆராய்ச்சி நிலையம் தந்த அம்பை 16 ஆனாலும் சரி, பழைய முறையில் வாயுவைப் பிடிக்கும் பயிர். வாழையும் பனையும் பருத்தியும் அந்த வகைதான். கரும்பு, சோளம், கம்பு, மக்காச்சோளம், அறுகம்புல் ஆகியவை வேறு சாதி. வாயுவை முதலில் ஒரு நான்கு கரி அமிலமாக மாற்றிச் செறிவாக்கிக்கொள்ளும் உத்தி அவற்றிடம் இருக்கிறது. கரும்பில் இதை ஹேட்சும் ஸ்லாக்கும் 1966-ல் விளக்கினார்கள். பத்து லட்சத்தில் 10 பங்கு வாயு இருந்தாலும் இவை தாக்குப்பிடிக்கும் என்பது கால்டெய்ரா, காஸ்டிங் கணக்கு. அதன்படி ஆற்றங்கரை நெல் முதலில் போகும். கோவில்பட்டி, சங்கரன்கோவில் கரிசல்காட்டுக் கம்பும் சோளமும் கடைசிவரை நிற்கும். 90 கோடி ஆண்டு, சற்றுக் கூடுதலாகவும் இருக்கலாம். மானாவாரி விவசாயிக்கு இதில் ஆறுதல் ஏதும் இல்லை, அது வேறு விஷயம். (நெல்லுக்குக் கரும்பின் உத்தியைக் கற்றுக்கொடுக்கும் ஓர் ஆராய்ச்சி பல ஆண்டுகளாக நடக்கிறது. நோக்கம் விளைச்சல்தான், பிரளயம் அல்ல.)

2024-ல் சிகாகோ பல்கலைக்கழகம் சார்ந்த ஆய்வு மறுபடி கணக்கைப் புரட்டியது. பாறை அரிப்பு, வெப்பத்துக்கு நாம் நினைத்த அளவு பணிவதில்லை என்றால் வாயு அவ்வளவு குறையாது; செடிகள் 160 முதல் 186 கோடி ஆண்டுவரை வாழலாம், பட்டினியில் சாகாமல் வெந்து சாகும் என்கிறது அது. எது சரியானாலும் செடி போனால் பிராணவாயு போகும். காற்றில் பிராணவாயு இன்றைய அளவில் ஒரு சதவீதத்துக்கு மேல் இருப்பது இன்னும் சுமார் 108 கோடி ஆண்டுக்குத்தான் என்று ஒசாகியும் ரைன்ஹார்டும் 2021-ல் கணித்தார்கள். அப்புறம் மிஞ்சுவது நுண்ணுயிர்கள். பூமியின் வரலாற்றில் பெரும்பகுதி அவற்றுடையதாகவே இருந்தது, முடிவிலும் அவையே இருக்கும். சூரியன் உப்பிப் பூமியை விழுங்கும் 760 கோடியாவது ஆண்டைப் பற்றிப் பேச அப்போது யாரும் இருக்கமாட்டார்கள்.

இதைக் கேட்டதும் சிலர் கேட்பதுண்டு: வாயு தட்டுப்பாடுதான் முடிவென்றால், நிலக்கரியையும் சுண்ணாம்புக்கல்லையும் எரித்து நாம் நல்லதுதானே செய்கிறோம்? கணக்குப் போட்டுப் பார்த்தால் இது நிற்காது. எரிமலைகள் ஓராண்டில் விடுவதைப் போல நூறு மடங்கு அளவுக்கு மனிதர்கள் விடுகிறோம். அதில் சிமெண்டின் பங்கு சுமார் 7 சதவீதம். 280 இருந்தது இருநூறு ஆண்டில் 420-ஐத் தாண்டிவிட்டது. மேலே சொன்ன மந்தப் பொறி இந்த உபரியைச் சில லட்சம் ஆண்டில் மறுபடி கல்லாக்கி முடித்துவிடும். அதற்கு அப்புறமும் பஞ்சத்துக்குப் பல கோடி ஆண்டு பாக்கி இருக்கும். நாம் இன்று எரிப்பது அந்தப் பஞ்சத்தை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாது. இடைப்பட்ட சூட்டை மட்டும் நம் பேரன் பேத்திகள் அனுபவிப்பார்கள்.