எட்டு வாட்டும் மின்கிதாரும்

பல லட்சம் ரூபாய் போட்டு வாங்கிய ஆடியோ செட்டில் எம்.எஸ். சுப்புலட்சுமியின் குரல் கண்ணெதிரே வந்து உட்காருகிறது. தம்புராவின் ரீங்காரம் கடைசி இழைவரை கேட்கிறது. அதே செட்டில் மெட்டாலிகா என்ற ராக் குழுவின் பாட்டைப் போட்டால் டிரம்ஸில் அடியே விழமாட்டேன் என்கிறது. கிதார்கள் ஒன்றோடொன்று குழம்பி இரைச்சலாகிவிடுகின்றன. செட்டில் கோளாறு எதுவும் இல்லை. அது வேறு வகை இசையை மனதில் வைத்துச் செய்யப்பட்டது.

ஓசூர்க்காரர்களுக்கு இது தூரத்து விவகாரம் அல்ல. அத்திப்பள்ளியைத் தாண்டிவிட்டால் பெங்களூரு. 2007-இல் அயர்ன் மெய்டனும் 2011 அக்டோபர் 30 அன்று மெட்டாலிகாவும் வாசித்த அரண்மனை மைதானம் நாற்பது சொச்சம் கிலோமீட்டர்தான். அப்படியொரு மேடையின் ஒலியை நெஞ்சுக்கூட்டில் வாங்கியவர்கள் வீட்டிலும் அதைத் தேடுவது இயல்பு. தேடிப் போகிறவர்களுக்குக் கடைகளில் பெரும்பாலும் விலையைத்தான் காட்டுகிறார்கள்.

உதாரணத்துக்கு, 300பி என்றொரு வால்வு, அதாவது வெற்றிடக் குழாய், உண்டு. 1930-களில் அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனம் செய்தது. இன்றும் ஆடியோ பிரியர்கள் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். ஒரு பக்கத்துக்கு ஒரே வால்வு வைத்துச் செய்த ஆம்ப்ளிஃபயரில் அது தருவது சுமார் 8 வாட். கூடவே, பிபிசி 1970-களில் தன் வெளிப்புற ஒலிபரப்பு வேன்களுக்காக வடிவமைத்த எல்எஸ்3/5ஏ என்ற குட்டி ஸ்பீக்கரை வைத்துக்கொள்வோம். பேச்சுக்குரலைத் துல்லியமாகச் சோதிக்கப் பிறந்த பெட்டி அது. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி ஏறக்குறைய 83 டெசிபெல் தரும். வாட் இரட்டிப்பானால் 3 டெசிபெல்தான் கூடும். ஆக, 8 வாட்டையும் கொட்டினாலும் 92-தான். நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகள் எட்டு மணி நேர வேலைக்கு வைத்திருக்கும் இரைச்சல் வரம்பு 90 டெசிபெல். சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் பார்ப்பவருக்கு இந்த ஜோடியின் உச்சகட்ட முழக்கம் பட்டறையைத்தான் ஞாபகப்படுத்தும். இன்னும் 10 டெசிபெல் வேண்டுமென்றால் பத்து மடங்கு, அதாவது 80 வாட் வேண்டும். அதைத் தாங்க அந்தக் குட்டி ஸ்பீக்கருக்குத் தெம்பு கிடையாது.

எம்.எஸ்ஸின் குரலுக்கு இதே ஜோடி எப்படிப் போதுகிறது? 70 டெசிபெல்லில் அமைதியாகக் கேட்க இருபதில் ஒரு பங்கு வாட்டே போதும். உச்சஸ்தாயிக்கு ஏறும்போது எடுத்துக்கொள்ள மிச்சம் நிறைய இருக்கிறது. ராக்கில் சராசரியே உச்சத்தை ஒட்டி நிற்கிறது. மூச்சுவிட இடைவெளி கிடையாது.

எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி கிதார்தான். மின்கிதாரின் அடித் தந்தி 82 ஹெர்ட்ஸ் அதிர்வு. அதோடு பஞ்சமத்தையும், அதாவது 123 ஹெர்ட்ஸையும், சேர்த்து மீட்டுவதைப் பவர் கார்டு என்கிறார்கள். கிதார் ஆம்ப்ளிஃபயரை வேண்டுமென்றே அதன் வரம்பைத் தாண்டி முடுக்கினால் ஒலி சிதைகிறது. அந்தச் சிதைவில் இரண்டு அதிர்வுகளின் வித்தியாசமான 41 ஹெர்ட்ஸ் புதிதாக முளைக்கிறது. எந்தத் தந்தியும் வாசிக்காத, ஒரு ஸ்தாயி கீழே உள்ள அதே சுரம்! ராக்கின் கனம் பிறப்பது இங்கேதான். மேடை ஆம்ப்ளிஃபயரில் வால்வின் சிதைவு இசையைப் படைக்கிறது. வீட்டு ஆம்ப்ளிஃபயரும் மூச்சுத்திணறிச் சிதைக்கத் தொடங்கினால், கிதார், பேஸ், சிம்பல், குரல் எல்லாம் ஒன்றையொன்று பெருக்கி, வாசித்தவர் நினைத்தே பார்க்காத அதிர்வுகளைக் கிளப்பிவிடும். ஒற்றைக் குரலுக்கு இதமாக இருந்த லேசான சிதைவு, நான்கு பேர் சேர்ந்து வாசிக்கும்போது சேறாகிவிடுகிறது.

பீட்டர் வாக்கரின் குவாட் நிறுவனம் 1957-இல் கொண்டுவந்த மின்நிலை ஸ்பீக்கரின் கதை வேறு. அதில் கூம்பு இல்லை. பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் ஏற்றிய மெல்லிய பிளாஸ்டிக் படலம்தான் ஒலிக்கிறது. எடை மிகக் குறைவு என்பதால் வயலினின் வில் தந்தியில் உரசுவதுகூடத் தெளிவாகக் கேட்கும். ஆனால் அது முன்னும் பின்னும் அசையும் தூரம் மிகக் குறைவு. தாழ்ந்த சுரத்துக்கு நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். விடாமல் சத்தத்தைக் கூட்டினால் மின்பொறி பாய்ந்து படலம் பொத்தலாகும். பம்பை முழங்குவதைப் பதிவு செய்து போட்டாலும் இதே கதிதான்.

அறையையும் விடக்கூடாது. கிருஷ்ணகிரி மாவட்டம் கிரானைட்டுக்குப் பேர்போனது. தரையில் கிரானைட்டோ டைல்ஸோ, சுற்றிலும் கான்கிரீட் சுவர் என்பதே இங்கே வழக்கமான வீடு. உயர்ந்த ஒலிகள் அதில் பட்டுத் தெறிக்கும். தாழ்ந்த ஒலிகள் வெளியேற வழியின்றி உள்ளேயே சுழலும். 12 அடி நீள அறை 47 ஹெர்ட்ஸுக்குத் தானாகவே அதிரும். பேஸ் கிதாரின் அடித் தந்தி நடமாடும் இடம் அது. ஒரு சுரம் மட்டும் உறுமிக்கொண்டே இருக்கும். கனத்த ஜமக்காளம், புத்தக அலமாரி, சுவரைவிட்டு இரண்டடி தள்ளி வைத்த ஸ்பீக்கர் ஆகியவை விலையுயர்ந்த கேபிளைவிட அதிகப் பலன் தரும் என்பது என் உறுதியான கருத்து. ஆனாலும் அந்த உறுமலை இவற்றால் முழுவதும் அடக்கிவிட முடியாது.

சில நேரம் குற்றம் பதிவிலேயே இருக்கும். மெட்டாலிகாவின் 2008 ஆல்பமான 'டெத் மேக்னெட்டிக்' சத்தமாக ஒலிக்க வேண்டும் என்பதற்காக அலைகளின் தலையே வெட்டுப்படும் அளவுக்கு நசுக்கப்பட்டது. ரசிகர்களே கொதித்தார்கள். காரில் ஓரளவு தப்பிவிடும். நுணுக்கமான ஸ்பீக்கரோ அந்தக் கரகரப்பை ஒன்றுவிடாமல் எடுத்துக் காட்டுகிறது.

ராக் கேட்பவருக்குத் தேவை 12 அங்குல வூஃபர், ஒரு வாட்டுக்கு 90 டெசிபெல்லுக்கு மேல் தரும் பெட்டி, நூறு வாட் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர். இவை பெரும்பாலும் அந்த வால்வு செட்டைவிட மலிவு. வாங்கப் போகும்போது உங்கள் பாட்டையே கொண்டுபோங்கள். கடைக்காரர் ஒரு பெண் குரலும் ஒற்றைக் கிதாரும் உள்ள பதிவைத்தான் முதலில் போடுவார். கேட்டுவிட்டு, நீங்கள் வழக்கமாகக் கேட்கும் சத்தத்தில் உங்கள் பாட்டை முழுதாக ஓடவிடச் சொல்லுங்கள்.